ஆரஞ்சு நரம்பு

சக்கரத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டால் அப்புறம் கை எதையும் நினைக்க வேண்டியதில்லை. புல் வெட்டுகிற மிஷின் தானாகவே போகும், நான் பின்னால் நடந்தால் போதும். ஒரு பக்கம் நடைபாதைக் கல், ஒரு பக்கம் புல், நடுவில் நரம்பு சுற்றிச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மண்ணைக் கீறிக்கொண்டே போகிறது, கல் மேல் நாக்கை நீட்டிப் படுத்துக் கிடந்த புல்லெல்லாம் தெறித்து என் கால் மேல் விழுகிறது. மிஷின் தலைக்குள் சுருட்டி வைத்திருக்கிற நைலான் கயிற்றை நாங்கள் நரம்பு என்றுதான் சொல்லுவோம், ஆரஞ்சுக் கலர், தொட்டால் விளிம்பு விளிம்பாக இருக்கும், அதுதான் வெட்டுவது. புல்லை மொட்டையடிக்க மிஷினைப் படுக்கப் போட்டு வீசினால் போதும், ஓரம் வெட்டத்தான் இந்தச் சக்கரத் துண்டை மாட்டித் தலையை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், கை நடுங்கினால் கோடு பாம்பு மாதிரி நெளிந்துவிடும். எங்களை மேய்க்கிற சூப்பர்வைசர் வெள்ளிங்கிரி அண்ணன் இதை எட்ஜ் என்பார். "எட்ஜ மட்டும் நீ அடி அம்மிணி, பூபதி அடிச்சா ஆடு மேஞ்ச மாதிரி இருக்குது." எனக்கு இது பிசிறு. ஆறாவதோடு நின்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனபோது கையில் சின்னக் கத்தரியைக் கொடுத்து, தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டச் சொன்னார்கள், அதற்குப் பேர் பிசிறு வெட்டுவது. நாள் முழுக்கத் தலை நிமிராத வேலை. யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் அப்படித்தான். சாயங்காலம் இந்த லானில் ஏதோ ஒரு வில்லாக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம், பந்தல்காரர்கள் வண்டியிலிருந்து நாற்காலியை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள் இந்தப் பக்கம் வருவதற்குள் கிளப் ஹவுஸ் படியிலிருந்து நீச்சல் குளத்துச் சுவர் வரைக்கும் பிசிறு இல்லாமல் ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். இழுத்துவிடுவேன். காலையிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சில் சின்ன முள்ளாக இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை, அடுப்பை அணைத்தேன், கதவைப் பூட்டினேன், சாவியை ஜன்னல் மேல் வைத்தேன், பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்கிற துளசிமணி அக்காவிடம் கொடுத்தேன், எல்லாம் செய்தேன், ஆனாலும் ஏதோ ஒன்று.

காதுமூடி போட்டிருக்கிறேன். போடாவிட்டால் இந்த மிஷின் சத்தத்துக்குள்ளே ஒரு குழந்தை அழும். நிஜமாகத்தான், விசையை அழுத்தினதும் உர்ரென்று எழும்பும், அந்த உர்ருக்கு அடியில் மெல்லிசாக ஒன்று, தொண்டை கமறி அழுகிற மாதிரி, என் பாப்பா தன்ஷிகா அழுகிற மாதிரியேதான். மிஷின் கைக்கு வந்த முதல் வாரம் நான் அதை நிறுத்தி நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன், யாரும் இருக்க மாட்டார்கள், புல்தான். கூட மிஷின் ஓட்டுகிற பூபதி சிரித்தான். "என்னக்கா, புல்லு கூப்புடுதா?" அப்புறம் வெள்ளிங்கிரி அண்ணன் இந்தக் காதுமூடியைக் கொடுத்தார், மஞ்சள் கலர், இரண்டு தேங்காய் மூடி மாதிரி, மாட்டினதும் உலகமே தண்ணீருக்குள் போய்விட்டது. மிஷின் எங்கேயோ தூரத்தில் முனகுகிறது. அழுகை இல்லை. அதற்கு முந்தின ராத்திரி முழுக்கப் பாப்பா தூங்கவில்லை, பல் முளைக்கிற சமயம், தோளில் போட்டு நடந்து நடந்து கால் மரத்துப் போயிருந்தது, பாப்பாவின் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறார், காலையில் வேனில் உட்கார்ந்து வரும்போதும் காதுக்குள் அழுகை. இங்கே வந்து இதை மாட்டினேன். எப்படிச் சொல்வது, தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா? பெற்றவளுக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்காமல் இருப்பது இனிக்கிறது என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் இனித்தது. இப்போதும் இனிக்கிறது. மிஷினை ஓட்டுகிற இந்த நேரம் வரைக்கும் நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் பெண்டாட்டி இல்லை, வெறும் இரண்டு கையும் ஒரு கோடும். அப்படி நினைத்த உடனே எங்கேயாவது கை ஆடிவிடுமோ என்று பயம் வரும், சாமி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது, அப்படி நினைக்கிறவளுக்கு எங்கேயாவது ஒரு அடி வைக்காமலா இருக்கும். கல் மாறுகிறது, இந்த இடத்தில் ஒரு கல் எழும்பி நிற்கும், சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி இறக்க வேண்டும். இறக்கினேன். ஆடவில்லை. வெட்டுப்பட்ட புல்லின் வாசம் மேலே வருகிறது, பச்சையாக, பாப்பாவின் வாயிலிருந்து வரும் பால் வாசம் இல்லை இது, ஆனால் எனக்கு இப்போதெல்லாம் எந்த வாசம் வந்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

பால் வாசம். அவள் காலையில் ஒரு முறை காம்பை விட்டுவிட்டு நெளிந்தாள். நெளிந்து அழுதாள். பல் என்று நினைத்துக்கொண்டேன், ஈறைத் தடவிக்கூடப் பார்த்தேன். வேன் வருகிற நேரம். எல்லாம் அந்தக் கயிறு அறுந்ததால் வந்தது, இல்லையென்றால் இவ்வளவு அவசரம் வந்திருக்காது. குளிக்க வைத்துக்கொண்டிருந்தேன், காலில் படுக்கப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திருப்புகிறேன், அரைஞாண் கயிறு கையோடு வந்துவிட்டது. கறுப்புக் கயிறு, பேர் வைத்தபோது கட்டினது, ஊறி ஊறி நைந்து போயிருந்தது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது புதுசு வாங்க வேண்டும் என்று மூன்று வெள்ளிக்கிழமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தாயத்து உருண்டு போய்த் தண்ணீர் வெளியே போகிற சலதாரை ஓரத்தில் நின்றது, நல்ல வேளை. இடுப்பு வெறுமையாக இருந்தது. கயிறு இல்லாத குழந்தை இடுப்பைப் பார்த்தால் எனக்கு என்னவோ மாதிரி, சட்டை இல்லாமல் இருப்பது வேறு, இது வேறு. துளசிமணி அக்கா பார்த்தால் சும்மா இருக்காது. அக்கா வீட்டில் தையல் வேலை நடக்கிறது, சுற்றிலும் நாலு பெண்கள் பனியன் பீஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் "பொம்பளப் புள்ள இடுப்ப மொட்டையா உட்டுட்டு மிஷின் ஓட்டப் போறா பாரு" என்று சொல்லும். கெட்ட மனசு இல்லை அக்காவுக்கு, வாய்தான். ஆனால் அந்த வாய்க்கு நான் பயப்படுகிறேன். அதனால் தேடினேன், நாடா இல்லை, ரிப்பன் இல்லை, பழைய பாவாடைக் கயிறு இருந்தது, அதை எப்படிக் கட்டுவது. அப்போதுதான் பையில் இது இருந்தது ஞாபகம் வந்தது. போன வாரம் சுருளை மாற்றும்போது மிச்சம் விழுந்த நரம்புத் துண்டு, வழவழவென்று ஆரஞ்சாகப் பளபளத்தது, துணி காயப்போடக் கொடி கட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். எவ்வளவு அழகாக இருந்தது! தாயத்தைக் கோத்து இடுப்பில் சுற்றினேன். வழுக்கிற சாமான், முடிச்சு நிற்கவில்லை, இரண்டு போட்டேன், அவிழ்ந்தது, மூன்று போட்டுப் பல்லால் இழுத்து இறுக்கினேன். பாப்பா குனிந்து தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பெருமை. இந்த வில்லாக்களில் மிஷின் ஓட்டுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான், என் பிள்ளை இடுப்பில் என் மிஷின் கயிறு. அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. ஏன் கூசுகிறது? ஒரு கயிறுதானே.

அந்தப் பாதாம் கன்று வருகிறது. கோட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிற கன்று, இதைத் தாண்டும்போது மெதுவாகப் போக வேண்டும், நரம்பு பட்டால் பட்டை உரிந்துவிடும், சுற்றிலும் உரிந்தால் மரமே போய்விடும் என்று வெள்ளிங்கிரி அண்ணன் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விசையை விட்டேன். காற்றில் சாயாமல் இருக்க மூங்கில் குச்சி நட்டு அதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. போன மழைக்கு நான்தான் கட்டினேன், மிஷின் கைக்கு வருவதற்கு முன்னால், பாப்பா வயிற்றில் இருந்தபோது குந்தி உட்கார்ந்து கட்டினேன். எதால் கட்டினேன் என்று பார்த்தேன். ஆரஞ்சு. கட்டும்போது தொளதொளவென்று இருந்தது, விரல் போகிற இடம் விட்டுத்தான் கட்டினேன். இப்போது கயிறே கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டை மேலேயும் கீழேயும் உதடு மாதிரிப் புடைத்து அதை விழுங்கியிருக்கிறது, நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆரஞ்சு மினுக்குகிறது. மரம் வளர்ந்தது. கயிறு வளரவில்லை. நான் அங்கேயே நின்றேன். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த முள் என்னவென்று தெரிந்துவிட்டது.

வெறும் வயிற்றில் கட்டினேன். குளிக்க வைத்த உடனே, பால் கொடுக்கிறதுக்கு முன்னால். அப்புறம் பால் குடித்தாள், அதற்கப்புறம் துளசிமணி அக்கா ராகிக் கூழ் கொடுக்கும், வாழைப்பழம் கொடுக்கும், பாப்பா வயிறு சாப்பிட்டால் சின்னப் பானை மாதிரி முன்னால் வரும், நானே அதைத் தட்டித் தட்டிச் சிரிப்பேன். உட்கார்ந்தால் வயிறு மடியும். மடிப்புக்குள் இது. கறுப்புக் கயிறு நூல், தண்ணீர் பட்டால் தளர்ந்து கொடுக்கும், இழுத்தால் நீளும், நைந்தால் அறும். இது அறாது. அறாமல் இருக்கத்தான் இதைச் செய்திருக்கிறார்கள், இது புல்லை வெட்டுகிறது, கோரையை வெட்டுகிறது, போன மாதம் சொட்டுநீர்க் குழாயையே வெட்டிவிட்டது. விரல் விட்டுப் பார்த்தேனா? கட்டும்போது இரண்டு விரல் விட்டுப் பார்ப்போமே, பார்த்தேனா? கையை நினைத்துப் பார்க்கிறேன், என் வலது கை, ஈரம், துண்டு, தாயத்து, முடிச்சு, பல். விரல் இல்லை. எத்தனை தடவை நினைத்தாலும் விரல் வரவில்லை. பல்லால் இழுத்ததுதான் வருகிறது, நாக்கில் அந்தப் பிளாஸ்டிக் ருசி கூட வருகிறது. முடிச்சின் வாலைக்கூட வெட்டவில்லை, தீக்குச்சி கொளுத்தி நுனியை உருக்கி அமுக்கியிருக்க வேண்டும், நேரமில்லை என்று விட்டுவிட்டேன், பிசிறு வெட்டியே வளர்ந்தவள் என் பிள்ளை இடுப்பில் பிசிறோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காம்பை விட்டு நெளிந்தாளே. அது பல் இல்லை. அது பல்லே இல்லை. சட்டை போட்டு மேலே பாம்பர்ஸ் போட்டுக் கொடுத்தேன், யார் தூக்கிப் பார்ப்பார்கள்? அழுதால் பல் என்றுதான் அக்காவும் நினைக்கும். நானே அப்படித்தான் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன், "பல்லுங்க்கா, அதா சிணுங்கறா", என் வாயாலேயே சொன்னேன்.

போன் மோட்டார் ரூமில் பைக்குள் இருக்கிறது. மிஷின் ஓட்டும்போது போன் வைத்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் ரூம் சாவி வெள்ளிங்கிரி அண்ணன் இடுப்பில். அவர் லானுக்கு அந்தப் பக்கம் பந்தல் ஆட்களோடு நிற்கிறார், எட்டு பத்து ஆம்பிளைகள், ஒருத்தன் ஏணி மேல், இரண்டு பேர் துணி விரிக்கிறார்கள், நடுவில் அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். அங்கே போக வேண்டும். போய் அத்தனை பேர் முன்னால் என்னவென்று சொல்வது? குழந்தை இடுப்பில் மிஷின் நரம்பைக் கட்டிவிட்டேன் என்றா? எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பார். துண்டு நரம்பு கூட வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், பழைய ஆள் ஒருத்தன் சுருளோடு கொண்டுபோய் விற்றுவிட்டானாம். திருடினேன் என்றுதானே ஆகும். போன மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று பாதியில் போனபோதே, ஆபீஸ்காரர் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது, "இதுக்குத்தான் லேடீஸ்கிட்ட மிஷின் வேணாம்னேன், களை புடுங்கறதுக்குப் போடுங்க." அண்ணன்தான் எனக்காகப் பேசினார். இன்றைக்கும் போனால் மிஷின் போய்விடும். களை பிடுங்கப் போனால் குனிந்தே இருக்க வேண்டும், காதுமூடி கிடையாது. இதை நினைத்தேன். என் பிள்ளை இடுப்பில் நரம்பு இறுகிக்கொண்டிருக்கும்போது நான் காதுமூடியை நினைத்தேன். என்ன ஜென்மம் நான்? மறுபடி விசையை அழுத்தினேன். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தேன். இப்போது காதுமூடிக்குள்ளேயே அழுகிறாள். தொண்டை கமறி. மூடியை இறுக்கி அமுக்கிக்கொண்டேன், அப்போதும் அழுகிறாள்.

வேகமாகப் போனதால் சக்கரம் கல்லை விட்டு இறங்கி நரம்பு கல் விளிம்பில் மோதிப் பட்டென்று தெறித்தது. தலையைத் தரையில் தட்டினேன், தட்டினால் உள்ளேயிருந்து நரம்பு நீண்டு வரும், அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம், குறைந்தால் ஒரு தட்டு, தானாக நீளும். வரவில்லை, சுருள் தீர்ந்துவிட்டது. மிஷினை நிறுத்தி, காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கி, மிஷின் தலையின் மூடியைக் கழற்றி, சேலைக்கு மேல் போட்டிருக்கிற யூனிபார்ம் கோட்டின் பாக்கெட்டிலிருந்து புது நரம்பை எடுத்து அளந்தேன். கத்தரியை வைத்தேன். வெட்டவில்லை. எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, என் இடது மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினேன். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று. பல்லால் இழுத்தேன். காலையில் இழுத்த மாதிரியே. அப்புறம் கையை மூடிக் கெட்டியாகப் பிடித்தேன், பிடித்தால் மணிக்கட்டு கொஞ்சம் பருக்கும் இல்லையா, வயிறு பருக்கிற மாதிரி. நரம்பு உள்ளே போயிற்று. இரண்டு பக்கமும் தோல் வெளுத்து மேலே வந்தது. உதடு மாதிரி. அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு கல்லாக இருந்தது, நகம் போகவில்லை, பல் வைத்தேன், வழுக்கியது. விரல் நுனியெல்லாம் விண்விண்ணென்று துடிக்க ஆரம்பித்தது. எனக்கு வலிக்கிறது. எனக்குப் பேசத் தெரியும், கத்தரி எங்கே இருக்கிறதென்று தெரியும், எனக்கே இப்படி வலிக்கிறது. அவளுக்கு அழ மட்டும்தான் தெரியும், அதற்குத்தான் நான் காதை மூடிக்கொண்டேனே.

"என்ன அம்மிணி, கையில கங்கணம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற, நிச்சயம் அவிங்களுக்கா உனக்கா?" வெள்ளிங்கிரி அண்ணன் குரல் தலைக்கு மேல் கேட்டது. மிஷின் சத்தம் நின்றதும் வந்துவிட்டார், கூடவே பந்தல்காரன் ஒருத்தனும். நான் எழுந்திருக்கவில்லை. கையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தேன், கோட்டுக்கு ஏது முந்தானை. அவர் குனிந்து கையைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "ஏய், ரத்தக்கட்டு ஆயிரும் புள்ள! எதுக்கு இப்படிக் கட்டுன?" பாக்கெட்டிலிருந்து கட்டரை எடுத்து மெதுவாக உள்ளே விட்டு வெட்டினார். நின்றிருந்த ரத்தம் விரலுக்குள் திரும்ப ஓடி வந்து கை எரிந்தது.   பந்தல்காரன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். "பாப்பா" என்றேன். "பாப்பாவுக்கு என்ன?" "பாப்பா இடுப்புலீங்ண்ணா." அவர் புரியாமல் பார்த்தார். "காத்தால அரைஞாண் கயிறு அந்து போச்சுங்ண்ணா. இதக் கட்டி உட்டுட்டனுங்ண்ணா. துண்டு நரம்பு. நான்தா எடுத்துட்டுப் போனங்ண்ணா. இறுக்கிக் கட்டிட்டன், அவுக்க முடியாது, அக்காவுக்குத் தெரியாது, போனு உள்ள இருக்குது." இவ்வளவு வார்த்தைகளை நான் அவரிடம் ஒரு சேரப் பேசியதே கிடையாது. பந்தல்காரன், "அட கெரகமே" என்றான். திருடினாய் என்று அண்ணன் சொல்லவில்லை. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து பிடுங்கினார், அப்புறம் சாவியை விட்டுவிட்டுத் தன் போனை நீட்டினார். "நம்பர் தெரியுமா?" தெரியும். அக்கா வீட்டுச் சுவரில் தையல் கூலிக்கு ஆள் தேவை என்று பெயிண்ட்டில் எழுதியிருக்கும், தினமும் பாப்பாவைக் கையில் கொடுக்கும்போது நிமிர்ந்து முகம் பார்க்கக் கூச்சப்பட்டு அந்த நம்பரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மணி அடித்தது. அடித்தது. தையல் மிஷின் சத்தம் கேட்டது, அப்புறம் அக்கா. "யாருங்க?" "அக்கா, நான் கோகிலா. பாப்பா இடுப்புல..." "கோகிலாவா! உனக்கு மூளை கீளை இருக்குதா புள்ள? தூண்டி நரம்பக் கட்டி மீன் புடிக்கறதுக்கா புள்ளையப் பெத்த?"  அக்கா நிறுத்தவில்லை. "கூழுக் குடிச்சுப் போட்டு வீல்வீல்னு கத்தறா. நீதா பல்லுன்னு சொல்லிட்டுப் போனியே, நானும் ஈறத் தேச்சுத் தேச்சு உட்டேன். பாம்பர்ஸ மாத்தலாம்னு கழட்டுனா, அப்பறமில்ல தெரியுது! கத்தரி போட்டா வெட்டவே மாட்டீங்குது, உங்க மாமன் கட்டிங் பிளேர் வெச்சு நறுக்கி எடுத்தாரு." "அக்கா, அறுத்துருச்சுங்களா?" "தோலு கிழியல. இடுப்பச் சுத்திச் செவசெவன்னு ஒரே கோடு. தேங்காண்ணெ தொட்டு வெச்சிருக்கறன், சாயந்தரத்துக்குள்ள மங்கிரும். பனியன் துணியில ஒரு கரையக் கிழிச்சு அதுல தாயத்தக் கட்டியிருக்கறன், நல்லா மெத்துன்னு இருக்குது. ஏன் புள்ள, ஒரு கயிறு இல்லீங்க்கான்னு எங்கிட்டக் கேட்டா உன்ற வாயில இருக்கற முத்து உதுந்துருமா? வீட்டுல ஒரு பந்தே கெடக்குது கறுப்புக் கயிறு."  அக்காவின் வாய்க்குப் பயந்துதான் கட்டினேன், கேட்டிருந்தால் அந்த வாயே கயிறைக் கொடுத்திருக்கும். "இந்தா, அம்மாகிட்டப் பேசு" என்று அக்கா போனைப் பாப்பாவிடம் காட்டியது போலிருக்கிறது. மூச்சு கேட்டது. அப்புறம் ஒரு சிணுங்கல், அழுது ஓய்ந்த சிணுங்கல், மிச்சம் இருந்த கொஞ்சம் அழுகை. அவ்வளவுதான், என் மார் இரண்டும் கல்லாகிப் பால் இறங்கிவிட்டது, ரவிக்கை நனைந்து, கோட்டும் நனைந்து, இரண்டு ஆம்பிளைகள் முன்னால். நான் கையை மடக்கி மறைத்துக்கொண்டேன். போனைக் காதிலிருந்து எடுக்க மனசில்லாமல், எடுத்துக் கொடுத்தேன்.

"அழுவாத அம்மிணி, ஒண்ணும் ஆகலைல்ல" என்றார் அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "போறதுன்னா போ. மிச்சத்தைப் பூபதிய அடிக்கச் சொல்லிக்கறேன். ஆபீஸ்ல நான் பேசிக்கறேன், மிஷின் உன்னுதுதான், அத நெனச்சுப் பயப்படாத." மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன். கிளப் ஹவுஸ் படியிலிருந்து இங்கே வரைக்கும் கோடு நூல் பிடித்த மாதிரி வந்து நிற்கிறது, கடைசியில் நான் அவசரப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு நெளிவு. இங்கிருந்து குளத்துச் சுவர் வரைக்கும் புல் கல் மேல் ஏறிக் கிடக்கிறது. பூபதி அடித்தால் ஆடு மேய்ந்த மாதிரி இருக்கும். எழுந்து போக வேண்டும். போய் அந்த இடுப்பைப் பார்க்க வேண்டும், எண்ணெய் தொட்டு வைத்த அந்தக் கோட்டை விரலால் தடவ வேண்டும், பால் கொடுக்க வேண்டும், அதற்குத்தானே இவ்வளவு நேரம் துடித்தேன். இவரே போ என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு? "இல்லீங்ண்ணா" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். சத்தமாக, திக்காமல். "நானே முடிச்சுட்டுப் போறனுங்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பந்தல்காரனும் பார்த்தான். அப்புறம் இருவரும் நாற்காலிப் பக்கம் போனார்கள்.

அண்ணன் விட்டுப்போன கட்டரை எடுத்துக்கொண்டு முதலில் பாதாம் கன்றிடம் போனேன். பள்ளத்துக்குள் ஆரஞ்சு மினுக்குகிற அந்த ஒரு இடத்தில் நுனியை விட்டு வெட்டினேன். இழுத்தால் பட்டையோடு வரும் போலிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்தேன். கயிறு வந்துவிட்டது. பள்ளம் அப்படியே இருந்தது, சுற்றிலும், ஒரே கோடாக. அதை ஒரு தரம் விரலால் தடவினேன். புது நரம்பைத் தலைக்குள் சுற்றி மாட்டி, சக்கரத்தைக் கல்லின் மேல் வைத்தேன். காதுமூடியைக் கழுத்திலேயே விட்டேன், இன்றைக்கு முழுக்கக் கேட்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று. விசையை அழுத்தினேன். உர்ரென்று எழுந்தது, அதற்கு அடியில் அவள் எழுந்தாள், தொண்டை கமறி, மூச்சு வாங்கி. ஒரு கல் தாண்டினேன். கோடு நெளியப் பார்த்தது. நனைந்த ரவிக்கை காற்றுப் பட்டுச் சில்லிட்டு ஒட்டிக்கொண்டது. இன்னொரு கல். ஒரு கையால் மிஷினைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காதுமூடியை மேலே ஏற்றினேன். அழுகை நின்றது. கோடு நேராகப் போயிற்று.